அஞ்சில் ஒரு பங்கு காலி

அந்த வருஷம் முழுக்கச் சோணையம்மாள் திருடன் என்று சொன்னால் அது ஒரே ஆளைத்தான் குறிக்கும்: பிட்டர் ஞானசிகாமணி. தேனிச் சந்தையில் சொன்னாள், ஆண்டிபட்டியில் சொன்னாள், கம்பத்தில் முன்பின் தெரியாத ஆளிடமும் மொச்சையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள். கேஸ் பிடித்துக் கொடுக்கிறேன் என்று அரைகுறையாய்ப் பிடித்துக் கொடுத்து ஏய்க்கிறான், ஞாயிற்றுக்கிழமையானால் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சில் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறான் என்று.

அவளுக்கு ஒரு வேன் இருந்தது. போடிக்கு மேலே எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை, காடு மேடு சுற்றுவதற்காக ஆசை ஆசையாய்ச் செய்துவைத்த வேன். உள்ளேயே படுக்கை, உள்ளேயே இரண்டு பர்னர் அடுப்பு, பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர். துரை ஊருக்குப் போனபிறகு கொட்டகையில் கிடந்த வண்டியை, ஜெயமங்கலத்துப் புஞ்சையை விற்றுச் சோணையம்மாள் வாங்கினாள். புருஷன் செத்த பொம்பளைக்கு எதற்குத் துரை வண்டி என்று ஊரே சிரித்தது. கொழுந்தன் ராக்கப்பனை ஓட்டச் சொல்லி, சந்தை சந்தையாய்ப் போய், வண்டிக்குள்ளேயே மொச்சையும் தட்டாம்பயறும் அவித்துச் சுடச்சுட விற்க ஆரம்பித்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

அவள் வியாபாரத்துக்கே அளவுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆழாக்கை மொச்சைக்குள் புதைத்து எடுத்தால் மேலே ஒரு கோபுரம் நிற்கும். அதிலிருந்து நாலு பயறு உருண்டு கீழே விழுந்தால்தான் அவளுக்கு அளந்த மாதிரி இருக்கும். ஆழாக்கின் வாயை விரலால் வழித்துவிட்டு அளக்கிற அக்கம்மாளை அவள் மனுஷியாகவே சேர்ப்பதில்லை. அக்கம்மாளும் அதே சந்தைகளில், விறகடுப்பு வைத்து, அதே மொச்சையைத்தான் விற்றாள்.

துரை வண்டிச் சிலிண்டரின் கழுத்து வேறு மாதிரி. கம்பெனிக் கடையில் கொடுத்து மாற்ற முடியாது. எஸ்டேட்டில் துரைக்கு மிஷின் மாட்டுகிற பிட்டராய் வேலை பார்த்துவிட்டுத் தேனியில் பட்டறை போட்டிருந்த ஞானசிகாமணி ஒருத்தருக்குத்தான் அதற்குக் குழாய் மாட்டிக் கேஸ் பிடிக்கத் தெரியும். அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. சிலிண்டரைத் தராசு மேடையில் நிமிர்த்தி வைப்பார், காலி எடை பார்ப்பார், வால்வைத் திறப்பார், முள் ஓரிடத்துக்கு வந்ததும் டக்கென்று மூடிவிடுவார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்த சண்டை அதில்தான் தொடங்கியது.

"நின்னுபோச்சா?" என்றாள்.

"நான் நிப்பாட்டிட்டேன்."

"ரொம்பிருச்சா?"

"ரொம்பக் கூடாது. அஞ்சுல ஒரு பங்கு காலியா இருக்கணும். வெயில் பட்டா உள்ள இருக்கிறது பெருகும். பெருகுறதுக்கு இடம் வேணும்."

"நான் ஆழாக்குல அஞ்சுல ஒரு பங்கு இடம் விட்டா சனம் என்னைச் செருப்பால அடிக்கும், பிட்டரே."

"அவிச்ச மொச்சை பெருகாதும்மா."

"ஊற வச்சா பெருகும். எனக்கே பாடம் எடுக்குறீகளா?"

"சரி, ஊறப்போடுற அண்டாவை வாய் முட்டவா ரொப்புவீக?"

அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. உம்மைப்போல இரும்பைத் தட்டிப் பிழைக்கிறவனுக்குப் பயறைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்காமல், எப்போதும் ஒப்பிக்கிற பாட்டை ஒப்பித்தார். வண்டி ஓடும்போது வால்வை மூடி வை. சிலிண்டரைப் படுக்கப் போடாதே. சமைக்கும்போது கதவைத் திறந்து வை. நாற்றம் வந்தால் தீக்குச்சி கிழித்துத் தேடாதே, சோப்பு நுரை தடவிப் பார். பெட்டிக்கு அடியில் இருக்கிற ஓட்டையைத் துணி வைத்து அடைக்காதே, கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை, பக்கத்தில் நின்ற ராக்கப்பனைப் பார்த்து அவள் உதட்டை மட்டும் அசைத்து அதே மாதிரி நடித்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தும் ஒப்பிப்பதை நிறுத்தவில்லை.

அவள் இப்படிக் கிடந்து துடித்ததற்குக் காரணம் ஆற்றங்கரை அம்மன் கோயில் திருவிழா. எட்டு நாள். தேனி, கம்பம், பெரியகுளம் என்று பள்ளத்தாக்கு மொத்தமும் அங்கேதான் கிடக்கும். ஆற்றில் குளித்துத் தீச்சட்டி ஏந்திச் சனம் மேடேறி வருகிற பாதையில், கோயிலுக்கு நேர் எதிரே ஓர் இடம் இருக்கிறது. அங்கே கடை போட்டவளுக்கு எட்டு நாளும் கை ஓயாது. போன வருஷம் அந்த இடம் அவளுக்குத்தான். ஆறாம் நாள் உச்சிவேளையில் கேஸ் தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டது. பாதி வெந்த மொச்சையோடு அவள் நிற்க, கூட்டம் அப்படியே அக்கம்மாளிடம் திரும்பியது.

கடை இடங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த குருசாமி இந்த வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"ஏத்தா சோணை, இடம் உனக்குத்தான். ஆனா விடிஞ்சதுலருந்து பொழுது அடையுற வரைக்கும் உன் அடுப்பு எரியணும். ஒரு நாள் நின்னாலும் அங்கன அக்கம்மாள் வந்து உக்காந்துருவா. பெறகு அடுத்த வருசமும் அவதான்."

இதைச் சொல்லும்போது அக்கம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

ஞானசிகாமணி முடியாது என்ற பிறகு ராக்கப்பன் ஒரு வழி சொன்னான். போடியில் அவன் கூட்டாளி ஒருத்தனிடம் பெரிய சிலிண்டர் இருக்கிறது, எஸ்டேட்டிலிருந்து வந்த, துரை வண்டிக் கழுத்துக்குச் சேர்கிற குழாயும் இருக்கிறது. அதைத் தலைகீழாய்ப் பலகைமேல் நிறுத்தி, நம் சிலிண்டரை ஈரச்சாக்கு சுற்றிக் கீழே வைத்தால் தானே இறங்கிக்கொள்ளும். எடைமேடை கிடையாதே என்றாள். "மேடை எதுக்கு மதினி? குடிக்கிற வரைக்கும் குடிக்கட்டும்" என்றான். அந்தச் சொல் அவளுக்கு வெல்லமாய் இனித்தது.

திருவிழா முதல் நாள் விடியற்காலைக் குளிரில் அப்படியே பிடித்தார்கள். இனி ஒரு சொட்டும் இறங்காது என்கிற வரைக்கும் விட்டார்கள். குழாயைக் கழற்றும்போது வெள்ளைப் புகையாய்ச் சீறி ராக்கப்பன் விரல் மரத்துப்போனது. சோணையம்மாள் சிலிண்டரை விரல் கணுவால் கீழிருந்து மேல்வரை தட்டிப் பார்த்தாள். எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி மந்தமாய்க் கேட்டது. இத்தனை வருஷமாய் அந்தப் பாவி எவ்வளவு அமுக்கியிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது.

ராக்கப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. வழியில் டீ குடிக்க இறங்கிய இடம் தேனியில் பட்டறைக்குப் பக்கத்துக் கடை. உங்கள் பிட்டர் பிடிக்காததை நாங்கள் பிடித்துவிட்டோம், கழுத்து முட்ட நிற்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினான்.

வண்டியைப் பாதையின் மேட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். மரம் மட்டை எதுவும் இல்லாத இடம். சித்திரை வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. சிலிண்டர்ப் பெட்டியின் தகரம் தொட முடியாமல் கொதித்தது. அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. கூட்டம் மொய்த்தது. எதிர்ப்பக்கம் தள்ளி அக்கம்மாள் விறகை ஊதி ஊதிக் கண்ணீர் விடுவதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது.

உச்சி நேரத்தில் ஞானசிகாமணி சைக்கிளில் வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்தவர் அவளிடம் வரவில்லை. நேரே குருசாமியிடம் போனார். இருவரும் கையை நீட்டி நீட்டித் தன் வண்டியைக் காட்டிப் பேசுவதைச் சோணையம்மாள் பார்த்தாள். கரண்டியோடு இறங்கிவிட்டாள்.

"இங்கன என்ன வேலை பிட்டரே உமக்கு? உம்ம கோயிலு தேனியில்ல இருக்கு."

"அடுப்பை அணைங்க. முதல்ல அணைங்க, பெறகு திட்டுங்க."

"அணைச்சா என்னாகும்னு தெரிஞ்சுதான சொல்றீக? எம்புட்டு மொச்சை கொடுத்தா அக்கம்மா?"

எதிரே இருந்து அக்கம்மாள், எனக்கு எதற்கடி ஆள் வைக்கிற வேலை, உனக்கு உன் வாயே போதும் என்று பதில் கொடுத்தாள். நாலு பேர் சிரித்தார்கள். ஞானசிகாமணி சிரிக்கவில்லை. அந்தச் சிலிண்டரில் மூச்சு விட இடமில்லை, வெயில் ஏறஏற உள்ளே நெருக்கும், துரை போட்டுவைத்த காப்பு வால்வு நல்லதாக இருந்தால் தானே திறந்து கக்கும், இல்லையென்றால் வெடிக்கும், எது நடந்தாலும் இந்தத் தீச்சட்டிகளுக்கு நடுவில் நடக்கக்கூடாது என்று குருசாமியிடம் சொன்னார். குருசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா, இந்தாளு சொல்றது நெசமா?"

"பொய்யிண்ணே. நெறையா இருக்கிறது இந்தாளு கண்ணுக்குப் பொறுக்கல. வருசம் பூரா அமுக்கிக் கொடுத்துட்டு, இன்னைக்கு வெளிய தெரிஞ்சுபோச்சுன்னு ஓடியாந்திருக்காரு."

ஞானசிகாமணி பெட்டியைத் திறக்கப் போனார். அவள் குறுக்கே போய்ப் பெட்டியில் முதுகைச் சாய்த்து நின்றாள். தகரம் சேலையைத் தாண்டிச் சுட்டது. சுட்டாலும் நகரவில்லை. தொட்டால் கரண்டியால் மண்டையைப் பிளந்துவிடுவேன் என்றாள். குருசாமிக்கு வேறு வேலை இருந்தது. இரண்டு பேரும் அடித்துக்கொண்டு சாகுங்கள், அடுப்பு எரிகிற வரைக்கும் இடம் அவளுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெயித்த மிதப்பில் அவள் வண்டிக்குள் ஏறி அடுத்த ஈடு பயறைக் கிளறினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் தாளிக்கிற சத்தம் என்று நினைத்தாள். வாணலியில் எண்ணெயே இல்லை. வெளியே, பெட்டிக்குள்ளிருந்து, சாரைப்பாம்பு சீறுகிற மாதிரி ஒரே நீளமாய் வந்தது. எட்டிப் பார்த்தால் பெட்டியின் அடி ஓட்டை வழியாய் வெள்ளையாய் ஒன்று இறங்கி, மேலே போகாமல், தண்ணீர் மாதிரித் தரையோடு பள்ளத்தைத் தேடிப் போனது. பள்ளம் என்பது ஆற்றுப்பாதை. அழுகின முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது. பாதையின் அடியில் மேளம் கேட்டது. மஞ்சள் துணி கட்டி, ஈரம் சொட்ட, இருபது இருபத்தைந்து பெண்கள் தீச்சட்டியோடு மேடேறிக்கொண்டிருந்தார்கள்.

ஞானசிகாமணி கையை விரித்துக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினார். நில்லுங்கள், வராதீர்கள் என்றார். மேளக்காரன் ஒருத்தன் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். சாமி வருகிற பாதையை மறிக்கிற இவன் யார் என்றார்கள். தேனிப் பட்டறைக்காரன், வேதக்காரன் என்று எவனோ சொன்னான். அவ்வளவுதான், சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள். அவர் கேஸ் என்று சொன்னது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சட்டை கிழிந்த சத்தம் மட்டும் எப்படியோ சோணையம்மாள் காதுக்கு வந்தது.

அவள் கை அடுப்புத் திருகில் இருந்தது. அந்த ஆளை அவர்கள் இழுத்துக்கொண்டு போனால் அவன் சொன்னது பொய்யாகிவிடும். சீறல் கொஞ்ச நேரத்தில் தானே அடங்கினாலும் அடங்கும். அடங்கினால் இடம் அவளுக்கு, அடுத்த வருஷமும் அவளுக்கு. திருகைத் திருப்பினால் எதிரே வெற்றிலை மெல்கிறவளுக்கு. இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதைப் போட்டோமே என்றுதான் பிறகு ரொம்ப நாள் அவளுக்கு உறுத்தியது.

இரண்டு திருகையும் மூடினாள். அடுப்பு அணைந்தது. "அணைஞ்சிருச்சுடி" என்று அக்கம்மாள் எதிரே இருந்து சொன்னது கேட்டது. முதல் ஆளாய் அவள் கண்ணில்தான் பட்டது.

"ஏ அக்கம்மா, உன் அடுப்புலயும் தண்ணியைக் கொட்டு" என்று சொல்லிக்கொண்டே சோணையம்மாள் குதித்து ஓடினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேளக்காரர்களுக்கும் முன்னால் போய், பாதைக்குக் குறுக்கே மண்ணில் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தாள்.

மேளம் நின்றது. வேண்டுதல் என்று நினைத்தார்கள். முன்னால் சட்டி ஏந்தி வந்த ராமுத்தாய் என்ற கிழவி, கை நடுங்காமல், "எந்திரி தாயி, ஆத்தா குறை தீர்ப்பா, வழியை விடு" என்றாள்.

சோணையம்மாள் படுத்த வாக்கிலேயே சொன்னாள். "வழி விடமாட்டேன் ஆத்தா. என் வண்டியில கேஸு ஒழுகுது. கழுத்து முட்டப் பிடிச்சது நான்தான். இதுக்கு மேல ஒரு சட்டி ஏறுனாலும் எல்லாரும் எரிஞ்சுபோவோம்."

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாய் வந்தது. சட்டியைக் கீழே வைக்கக்கூடாது, வைத்தால் வேண்டுதல் போச்சு என்றார்கள். வைக்க வேண்டாம், ஆற்றுக்கே இறங்கிக் கிழக்குப் பாதையில் சுற்றிப் போங்கள் என்று அவள் தரையிலிருந்தே கையைக் காட்டினாள். ராமுத்தாய் அவளைத் திட்டிய திட்டு சாதாரணத் திட்டில்லை. உன் குலம் விளங்காது, உன் அடுப்பில் பூனை தூங்கும் என்று சொல்லிக்கொண்டேதான் திரும்பினாள். ஆனால் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் இருந்த சட்டிகளும் ஒவ்வொன்றாய்த் திரும்பின.

காலரிலிருந்து பிடி விடுபட்ட ஞானசிகாமணி அதற்குள் மேட்டுக்கு ஏறியிருந்தார். பீடி, விளக்கு, கற்பூரம் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். வண்டியை யாரும் கிளப்பக்கூடாது என்றார். பயந்துபோய் ஸ்டீயரிங்கில் ஏறி உட்கார்ந்திருந்த ராக்கப்பனைத் தலைமுடியைப் பிடித்துக் கீழே இறக்கினார். சோணையம்மாள் கைகழுவ வைத்திருந்த தண்ணீர்க் குடங்களைத் தூக்கி வந்தாள். காற்று வருகிற பக்கம் தள்ளி நின்று பெட்டிமேல் வீசி ஊற்றச் சொன்னார் ஞானசிகாமணி. ஊற்றினாள். ஆற்றிலிருந்து குடம் குடமாய் ஆட்கள் கொடுக்க, அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சீறல் மெலிந்து, விட்டு விட்டு வந்து, கடைசியில் நின்றது. நின்ற பிறகும் ரொம்ப நேரம் அவர் யாரையும் கிட்டே விடவில்லை.

பிறகு பத்துப் பேர் சேர்ந்து வண்டியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போய், ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்று மணலில் நிறுத்தினார்கள். ஞானசிகாமணி ஈரச்சாக்கைச் சிலிண்டரில் சுற்றிவிட்டு, மிச்சத்தில் கொஞ்சத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டார். வாஷரை மாற்றினார். சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று ஒவ்வொரு மூட்டிலும் குனிந்து பார்த்தார்.

குருசாமி மணலில் செருப்பு புதையப் புதைய வந்தார்.

"இடத்தை அக்கம்மாளுக்குக் கொடுத்தாச்சு."

"தெரியும்."

"இம்புட்டுச் சனத்தையும் கொல்லப் பாத்தியே சோணை."

"கொல்லப் பாத்தேன். நிப்பாட்டுனதும் நான்தான். சொல்லும்போது ரெண்டையும் சேத்துச் சொல்லுங்கண்ணே."

அவர் செருப்பில் ஏறிய மணலைத் தட்டிவிட்டுப் போனார். மேட்டில் அக்கம்மாளின் ஆட்கள் அந்த இடத்துக்கு அடுப்புக்கல் சுமந்துகொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது. இன்னும் ஏழு நாள். சோணையம்மாள் அந்தப் பக்கம் ஒருமுறைதான் பார்த்தாள்.

ஞானசிகாமணி கிழிந்த சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டுப் பனியனோடு நின்றார். இவ்வளவு நடந்ததற்கு ஒரு வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அது தெரிந்ததாலேயே அவளுக்கு வரவில்லை.

"இனிமே எவன் பிடிச்ச கேஸையும் நான் தொடமாட்டேன்" என்றார். "என்கிட்ட வந்தா நான் நிப்பாட்டுற இடத்துல நிக்கணும். ஒத்துக்கிட்டா வாங்க."

"வேற எங்கன போறது? அந்தக் கழுத்துக்கு உம்மை விட்டா தேனியில ஆளா இருக்கு? வருவேன். அதுக்காக உம்மைப் பிடிச்சிருக்குன்னு நெனைக்க வேணாம், பிட்டரே."

"எனக்கும் உங்களைப் பிடிக்கலை."

"அப்ப சரி."

ராக்கப்பன் மரத்துப்போன விரலை ஊதிக்கொண்டே வந்து, எங்கே மதினி போவது என்று கேட்டான். கம்பத்துக்கு விடு, நாளைக்குச் சந்தை என்றாள். சிலிண்டர்ப் பக்கம் இனி உன் கை வந்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றும் சொன்னாள். அவன் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டு, சாவியில் கையை வைத்தபடி, இரண்டு பேரையும் பார்த்தான்.

சோணையம்மாள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, ஞானசிகாமணி பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"கிளப்பலாமா?"

அவர் குனிந்து பெட்டியின் அடி ஓட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து, அவர் சொல்கிறவரை பொறுத்திருந்தாள்.